பார்லர் அக்காவும் பிரெஞ்சு பீரோவும்

பார்லர் அக்கா யாருடைய மருவையும் மறைத்ததில்லை. கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வதையே தொழிலாக வைத்திருந்த ஒருவரைப் பற்றி இப்படிச் சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். நானே கூட இருந்து பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

கடலூர் புதுப்பாளையத்தில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். என் கணவருக்கு அப்போது ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் வேலை. கீழ் வீட்டின் முன்னறை அக்காவின் பார்லர். பின்னால் இரண்டு அறைகளில் அவரும் அவர் கணவரும் இருந்தார்கள். எனக்கு வயது இருபத்தாறு, அவருக்கு முப்பத்தெட்டு இருக்கலாம். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். தெரு முழுவதும் அவரை ‘பார்லர் அக்கா’ என்றே கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மறைக்காமல் எப்படி அலங்காரம் செய்வது? அதற்கு அவரிடம் ஓர் அளவு இருந்தது. “மணவறைக்குக் கீழ சேர்ல உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியத் தேவையில்ல. தாலி கட்டுறவனுக்குத் தெரியணும்” என்பார். கன்னத்தில் தழும்பு இருந்தால் அதன்மேல் பூசுவார். பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுவந்தால் தழும்பு அங்கேயே இருக்கும். அதற்கு மேல் ஒரு பூச்சுப் போடச் சொன்னால் போட மாட்டார்.

பேஷியலுக்கு வருகிறவர்களிடமும் இதே கதைதான். “வெளுப்பாகும்னு நெனச்சு வராத கண்ணு. ரெண்டு நாளைக்கு மூஞ்சி தெளிவா இருக்கும். மூணாம் நாள் நீ நீதான்.”

அவர் கணவர் வாசலில் உட்கார்ந்து ஏதாவது ஒரு எஞ்சின் பாகத்தைத் துடைத்துக்கொண்டே தலையில் அடித்துக்கொள்வார். “கடைய தொறந்து வச்சுட்டு வராத வராதன்னு சொல்ற ஒரே ஆளு இந்த ஜில்லாவுலேயே என் பொண்டாட்டிதான்.”

“நீ மட்டும் என்ன மாமா? புது எஞ்சின் மாதிரி ஓடும்னு சொல்லியா ரிப்பேர் பண்ணித் தர்ற?”

“நான் சொல்லுவேன். ஓடாது. அது வேற.”

ஒரு தடவை திட்டக்குடிப் பக்கமிருந்து ஒரு தாய் தன் பெண்ணைக் கூட்டி வந்தார். பெண்ணின் மணிக்கட்டில் ஒரு வெள்ளைத் திட்டு, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு. கல்யாணத்தன்று அது யார் கண்ணிலும் படக் கூடாது என்றார் தாய். அக்கா பெண்ணைப் பார்த்து, “மாப்பிள்ளைக்குத் தெரியுமாம்மா?” என்று கேட்டார். பெண் தாயைப் பார்த்தாள். தாய் கைப்பையை எடுத்துக்கொண்டு, “உன்கிட்ட மேக்கப்தான் கேட்டேன், பஞ்சாயத்து கேக்கல” என்று சொல்லிவிட்டுப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு பார்லரில் செய்திருப்பார்கள். அந்தப் பெண் நன்றாக இருக்கிறாளா என்று எனக்கு இன்றைக்கும் அவ்வப்போது தோன்றும். அக்கா கேட்டது சரியா? அவருக்கு என்ன உரிமை? நான் இதைப் பல தடவை யோசித்துவிட்டேன். ஒரு நாள் சரி என்று படுகிறது, மறுநாள் இல்லை என்று படுகிறது. அக்காவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இருந்ததாகத் தெரியவில்லை. தாயும் மகளும் போன பிறகு சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மரச்சாமான் பக்கம் அவர் போனது தற்செயல். புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டார், கறுப்பு அரக்குப் பூசி மேலே தங்கக்கோட்டில் பறவை வரைந்த நகைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அவசரத்தில் கைதவறி விழுந்து மூடியில் பூச்சு பெயர்ந்துவிட்டது. மாமியார் வருவதற்குள் என்ன செய்வது என்று கையைப் பிசைந்தார்கள். அக்கா நகத்துக்கு வண்ணம் தீட்டும் தூரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முடித்த பிறகு, “இந்த எடத்துல நான் பூசியிருக்கேன்னு அவுங்ககிட்ட சொல்லிடுங்க” என்றும் சொல்லி அனுப்பினார். அந்த மாமியார் கோபப்படவில்லை. தன் வீட்டிலிருந்த இன்னும் இரண்டு பெட்டிகளை அனுப்பி வைத்தார்.

அதற்குப் பின் பார்லரில் கூட்டமில்லாத மதிய நேரங்களில் அக்கா போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். எங்கோ ஒரு பட்டறையில் ஒரு பிரெஞ்சுக்காரர் பழைய மேசைகளைப் பழுது பார்க்கும் வீடியோக்கள். அக்காவுக்கு பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் அவ்வளவாக வராது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். “வாய் பேசுறத கேட்டா கையப் பாக்க வுடாது” என்பார். அந்த மனிதர் பெயர்ந்த அரக்கை ஒட்ட ஏதோ மீன்பசையைப் பயன்படுத்துகிறார் என்று நான் கீழே ஓடிய எழுத்தைப் படித்துச் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டார். “மீனுக்கு பிரான்சுக்கா போவணும்?” மறுநாள் தேவனாம்பட்டினத்து அண்ணன் வீட்டிலிருந்து கத்தாழை மீனின் காற்றுப்பை வந்தது. அதைக் காயவைத்து, ஊறவைத்து, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் கரைத்து, கண்ணாடி போன்ற ஒரு பசையை எடுத்தார். எட்டு மாதம் போல இப்படிச் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிச் சட்டம், ஒரு கடிகாரக் கூடு.

பிறகுதான் பீரோ வந்தது.

புதுச்சேரியில் ஒரு பழைய மாளிகையை வாங்கி ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார் ஒருவர். தமிழர்தான், ஐம்பது வயதிருக்கும். அந்த மாளிகையோடு பதினோரு பிரெஞ்சுச் சாமான்களும் அவர் கைக்கு வந்திருந்தன. எல்லாம் இருநூறு வருடத்துக்கு மேற்பட்டவை என்றார். முதலில் ஒன்றை மட்டும் வேனில் ஏற்றி அனுப்பினார். “இது நல்லா வந்துச்சுன்னா மிச்சம் பத்தும் உங்ககிட்டதான்மா. அதுக்கப்புறம் நீங்க வேற வேல பாக்க நேரமே இருக்காது.”

அன்று மாலை அக்கா என்னிடம் சொன்னார்: “பத்து சாமான் வந்தா ரெண்டு வருஷ வேல. பார்லர மூடிட்டு இதையே பாக்கலாம். எனக்கு அதான் வேணும்.” அவர் எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இடுப்பளவு உயரமுள்ள குட்டை பீரோ அது. இரண்டு பெரிய இழுப்பறைகள். முன்பக்கம் நேராக இல்லாமல் வயிறு போல முன்னால் புடைத்திருந்தது. அக்கா வந்தவர்களிடமெல்லாம், “இதுக்கு ஏழாம் மாசம், பாத்துப் போங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உடல் முழுக்கக் கறுப்பு அரக்கு; குளத்தில் இரவு இறங்கினாற்போல ஆழமான கறுப்பு. அதன்மேல் தங்கத்தில், அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்த சீன தேசத்து மலைகள், ஒரு மண்டபம், ஒரு படகு. படகில் ஒருவன் துடுப்போடு நிற்பான். மீனவர் வீட்டுப் பெண்ணான அக்காவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. “இவன் நிக்கிற நிப்புக்கு அடுத்த அலையில கவுந்துருவான். வரைஞ்சவன் கடலயே பாத்ததில்ல.” மூலைகளிலும் கால்களிலும் இழுப்பறைக் கைப்பிடிகளிலும் வெண்கல வேலைப்பாடு, வெண்கலத்தின் மேல் தங்கமுலாம். முன்மூலைகள் இரண்டிலும் மேலே ஒரு பெண்ணின் முகம், கீழே வரவரக் கொடியாக மெலிந்து காலில் இறங்கும். இரண்டு முகங்களும் அக்கா தங்கச்சி போல இருக்கும். ஒருத்தி கொஞ்சம் சிரிப்பாள், இன்னொருத்தி சிரிக்க மாட்டாள்.

மூன்று மாதம் வேலை நடந்தது. பெயர்ந்து நின்ற அரக்குச் செதில்களை மணப்பெண்களுக்கு ஒட்டு இமைமுடி வைக்கும் இடுக்கியால் தூக்கி, அடியில் மீன்பசை விட்டு, மேலே மெழுகுத்தாள் வைத்து ஆற்று மணல் பையால் அழுத்தி வைப்பார். செதிலே இல்லாமல் போன இடங்களில் நிறத்தைக் கலந்து, மை தீட்டும் தூரிகையால் நிரப்புவார். அங்கேயும் அதே அளவுதான்: கை நீட்டும் தூரத்தில் தெரியாது, மூக்கை வைத்துப் பார்த்தால் தெரியும். சுற்றியிருக்கும் பழைய பூச்சைவிட ஒரு மயிரிழை பள்ளமாகவே நிறுத்திவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, “இவ்வளவுதான் என்னுது, மிச்சம் இத செஞ்சவனுது” என்றார்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும்.

அது ஒரு வியாழக்கிழமை. அக்கா காடாம்புலியூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு அலங்காரம் செய்யப் போயிருந்தார். சாவி என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு விளக்குத் தேய்ப்பதற்காகப் பின்பக்கத் துணி துவைக்கும் கல்லுக்குக் குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, புளிக்கரைசல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். என் மகளுக்கு அப்போது பத்து மாதம், தவழ்வாள். நான் விளக்கில் மும்முரமாக இருந்தபோது அவள் பின் வராந்தாவுக்குப் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால், செய்தித்தாள் மேல் அக்கா கழற்றி வைத்திருந்த பீரோவின் இரண்டு வெண்கல முகங்களில் ஒன்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள். அந்த முகத்தின் கழுத்து மடிப்பிலும் காதோரத்திலும் பச்சை படிந்திருந்தது.

நான் வேதியியல் முதுகலை. அந்தப் பச்சை செம்பின் உப்பு என்று எனக்குப் பாடமாகவே தெரியும். அதனால் பயம் குறையவில்லை, கூடியது. வாயைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, டாக்டருக்குப் போன் செய்தேன். “நக்கினதுதானம்மா? தண்ணி குடுங்க, பாருங்க” என்றார். பத்து நிமிடம் கழித்து மறுபடி செய்தேன். மூன்றாவது தடவை அவர் எடுக்கவில்லை.

பிறகு அந்தப் பச்சையை எடுத்துவிட வேண்டும் என்று பட்டது. கையில் புளி இருந்தது. சாம்பல் இருந்தது. தேங்காய் நார் இருந்தது. அழுத்தித் தேய்த்தேன். பச்சை போனது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தேய்க்கத் தேய்க்க முகம் பளிச்சென்று சிவந்து வந்தது. அக்கா வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். நெற்றி, மூக்கு, கன்னம், தாடை, கொடி எல்லாம் தேய்த்தேன். பிறகு விளக்குகளோடு சேர்த்து வெயிலில் காயவைத்தேன். இரண்டாவது முகத்தைப் புளியில் தோய்த்துக் கையில் எடுக்கும்போது அக்கா வந்துவிட்டார்.

பரபரப்பில் முதலில் குழந்தை விஷயத்தைச் சொன்னேன்.

“வாந்தி எடுத்துச்சா?”

“இல்லக்கா.”

“பால் குடிச்சுதா?”

“குடிச்சாக்கா. நல்லாத்தான் இருக்கா.”

அவர் குழந்தையின் கடைவாயை விரலால் விலக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் கையிலிருந்த முகத்தை வாங்கித் தண்ணீரில் கழுவினார். பிறகு விளக்குகளுக்கு நடுவே காய்ந்துகொண்டிருந்த முகத்தை எடுத்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூக்குல எதுவும் இல்ல” என்றார். அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பள்ளங்களில், கூந்தல் இழைகளுக்கு நடுவில் மட்டும் மங்கலான தங்கம் மிச்சமிருந்தது. மேடான இடமெல்லாம் வெறும் வெண்கலம். புளி தங்கத்தை ஒன்றும் செய்யாது; நாரும் சாம்பலும்தான் அந்த மெல்லிய முலாமை அராவி எடுத்திருந்தன. பரீட்சையில் இதைக் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். நான் அழ ஆரம்பித்தேன்.

“அழுவாத. அழுதா தங்கம் வந்துருமா? நான் மேல எடுத்து வச்சுட்டுப் போயிருக்கணும். புள்ள தவழுற வூட்டுல தரையில வச்சது என் தப்பு.”

ஓட்டல்காரர் வர மூன்று நாள் இருந்தது.

சிதம்பரத்தில் என் தாய்மாமா கவரிங் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். வளையலுக்கும் செயினுக்கும் தங்கம் ஏற்றுவதுதான் அவர் தொழில். மாமாவிடம் காட்டலாமா என்று கேட்டேன். “கேட்டுட்டு மட்டும் வா. குடுத்துட்டு வராத” என்றார் அக்கா. மறுநாள் குழந்தைப் பையில் பால் புட்டிக்கும் அணையாடைக்கும் கீழே ஒரு துண்டில் அந்த முகத்தைச் சுற்றி வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். அண்ணாமலை நகரில் என் அம்மாவிடம் குழந்தையை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

மாமா விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். “இது பாதரசத்துல கரைச்சுப் பூசி நெருப்புல காட்டி ஏத்துன தங்கம். இப்ப எவனும் பண்ண மாட்டான், மூச்சே போயிரும்.”

“பாதரசமா? மாமா, பாப்பா இத வாயில வச்சா.”

“அதெல்லாம் அன்னிக்கே பொகையா போயிருச்சு. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது.” முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “குடு, நாளைக்குத் தரேன். என் முறையில ஏத்தி, பழசு மாதிரி மங்கலா முடிச்சுத் தரேன். செஞ்ச வெள்ளக்காரனே எழுந்து வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது.”

கொடுத்துவிட்டு வரக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தார். கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாமா சொன்னார். நான் கொடுக்காமல் தெருமுனை வரை வந்தேன். திரும்பிப் பட்டறை வாசல் வரை போனேன். மறுபடியும் வந்தேன். மூன்றாவது தடவை மாமாவே வெளியே வந்து, “உள்ள வா, இல்ல வூட்டுக்குப் போ. கடைக்கு எதிர்ல நடந்துட்டே இருக்காத, வியாபாரம் ஆவாது” என்றார். முகத்தை எடுத்துக்கொண்டு கடலூர் வந்தேன்.

மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். அக்காவின் கணவர் துள்ளி எழுந்தார்.

“அப்புறம் என்னா? நாளைக்கு நானே பைக்ல போயி வாங்கிட்டு வரேன். முடிஞ்சுது கதை.”

“அது அவரு சாமான், மாமா. அவர கேக்காம ஏத்தக் கூடாது.”

“கேட்டா என்னா சொல்லுவாரு? தூக்கிட்டுப் போயிருவாரு! பத்து சாமான்டி. ரெண்டு வருஷ வேல, நீயே வேணும்னு சொன்னது. ஒரு மூக்குல தங்கம் இல்லன்னு மொத்தத்தையும் வுட்டுருவியா?”

“மூக்கு மட்டும் இல்ல. கன்னமும்.”

“ஏய், நான் என்னா பேசுறேன், நீ என்னா பேசுற!”

“அப்ப போன்லயாவது சொல்லிடுங்கக்கா” என்றேன் நான். சொல்லாமல் காத்திருக்க என்னால் முடியவில்லை.

“போன்ல சொன்னா மொத்தமும் போச்சுன்னு நெனச்சுட்டு வருவாரு. கண்ணால பாக்கட்டும். எவ்வளவு போச்சோ அவ்வளவுக்குத் திட்டட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா எல்லா வெண்கலத்தையும் திருகாணி போட்டுப் பொருத்தினார். பீரோவைப் பார்லரின் நடுவில், கண்ணாடிக்கும் மணப்பெண்களை உட்காரவைக்கும் நாற்காலிக்கும் இடையில் நிறுத்தினார். பிறகு கணவரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி அதைக் கொஞ்சம் திருப்பினார். நான் தேய்த்த முகம் வாசலைப் பார்த்தது. போட்டோவுக்கு நிற்கும் பெண்கள் எல்லாரும் தங்கள் நல்ல பக்கத்தைத் திருப்புவார்கள். அக்கா கெட்ட மூலையை வாசலுக்குத் திருப்பி வைத்தார். அவர் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

நான் மாடிப்படியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். ஓட்டல்காரர் வாசற்படி ஏறிய உடனே அந்த முகம் அவர் கண்ணில் பட்டது.

“இது என்னாம்மா?”

“எங்க வீட்ல வச்சுத் தேச்சுட்டோம் சார். தங்கம் போயிருச்சு.”

“தேச்சுட்டீங்களா? யாரு தேச்சது?”

“எங்க வீட்ல வச்சுத்தான் சார். என் பொறுப்பு.”

அக்கா பொய் சொல்லவில்லை. ஆனால் என்னைச் சொல்லவும் இல்லை. நான் படியிலேயே நின்றிருந்தால் அது அப்படியே போயிருக்கும். எத்தனையோ விஷயங்களில் நான் செய்தது சரியா என்று இன்றும் தெரியாது. இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. நான் கீழே இறங்கினேன்.

“நான்தான் சார் தேச்சேன். மாடியில குடியிருக்கேன். பாப்பா வாயில வச்சுட்டா. பச்சையா இருந்துச்சு, அதனால…”

“எதப் போட்டு?”

“புளி சார்.”

அவர் கண்ணை மூடினார்.

“அப்புறம் சாம்பல்.”

மூடிய கண்ணைத் திறக்கவில்லை.

“தேங்கா நாரு.”

“போதும்மா” என்றார்.

பிறகு அவர் குரல் மாறியது. “இதுவே இப்படின்னா மிச்சத்துல என்னென்ன பண்ணி வச்சிருக்கீங்களோ. எல்லாத்தையும் காட்டுங்க.”

“குனிஞ்சு பாருங்க சார்” என்றார் அக்கா. “நின்னுட்டுப் பாத்தா தெரியாது.”

அவர் குனிந்தார். அக்கா ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, தொடாமல் காட்டினார். இந்த மலையின் அடிவாரம் நான் நிரப்பினது. இந்த மண்டபத்தின் தூணில் பாதி. இந்தப் பறவையின் வால். இந்த இழுப்பறையின் ஓரம் முழுசும். இங்கே செதில் பழசு, ஆனால் நான் ஒட்டினது. இங்கே முதலில் தப்பான கறுப்பைப் பூசி, கழுவி மறுபடி பூசினேன். ஓட்டல்காரர் குனிந்திருந்தவர் மண்டியிட்டார். மண்டியிட்டவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைப் பீரோவோடு ஒட்டினார். ஒவ்வோர் இடத்திலும் பின்னால் நகர்ந்து பார்ப்பார், மறுபடி நெருங்கிப் பார்ப்பார். அரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு இடங்களில் அக்காவின் கை பட்டிருக்கிறது என்பது மூன்று மாதம் கூடவே இருந்த எனக்கே தெரியாது.

“இத காட்டலன்னா நான் கண்டுபுடிச்சிருக்க மாட்டேன்” என்றார் அவர்.

“தெரியும் சார். ஆனா எனக்கப்புறம் இத யாராச்சும் ரிப்பேர் பாப்பான்ல. என்னுத பழசுன்னு நெனச்சுட்டு அதையும் பத்திரமா காப்பாத்திட்டு உக்காந்திருப்பான், பாவம்.”

“அந்த மூஞ்சிக்கு?”

“சிதம்பரத்துல தங்கம் ஏத்தித் தர்றேங்கிறாங்க. பாத்தா தெரியாதுங்கிறாங்க. ஏத்துனா, எப்ப யாரு ஏத்துனதுன்னு இழுப்பறைக்கு உள்ள எழுதி வைக்கணும். நீங்க சொல்லுங்க.”

“வேணாம். அப்படியே இருக்கட்டும்.”

முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. வேனில் ஏற்றச் சொன்னார். பேசிய கூலியைக் கொடுத்தார். மிச்சம் பத்து சாமானைப் பற்றி அக்காவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. “பாக்கலாம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. அக்கா காலையில் பார்லரைத் திறந்து, புருவம் திருத்தி, மருதாணி இட்டு, சாயங்காலம் மூடினார். அவர் கணவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நான் கீழே இறங்குவதைக் குறைத்துக்கொண்டேன். ஒரு நாள் படியடியில் அக்கா என்னை மறித்தார். “ஏன், விளக்குத் தேய்க்க எடம் மாத்திட்டியா? மேல தண்ணி ஜாஸ்தி செலவாவும். கீழயே வா.”

நாலாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, வேன் வந்து நின்றது. பின்கதவைத் திறந்ததும் நாங்கள் மூவரும் எட்டிப் பார்த்தோம். பத்தும் இருந்தன. மேசை, மூலை அலமாரி, உயரமான பெட்டி, இன்னும் ஒரு குட்டை பீரோ. எல்லாம் கறுப்பும் சிவப்புமாக அரக்குப் பூசியவை. ஆனால் பார்க்க என்னவோ போலிருந்தன. நகையைக் கழற்றிய கழுத்து மாதிரி. ஒன்றிலும் ஒரு பொட்டு வெண்கலம் இல்லை. மூலைகளிலும் கால்களிலும் கைப்பிடி இருந்த இடங்களிலும் வெறும் திருகாணித் துளைகள்.

ஓட்டுநர் சங்கடமாகச் சொன்னார்: “ஐயா வெண்கலத்த எல்லாம் அங்கியே கழட்டி பூட்டி வச்சுட்டாருக்கா. கடலூருக்கு ஒரு ஆணி கூடப் போவக் கூடாதுன்னுட்டாரு.”

எனக்கு அப்படியே தரையில் புகுந்துவிடலாம் போலிருந்தது. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். அவர் ஒரு துளையில் விரலை வைத்துப் பார்த்தார். அடுத்த துளையில் வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் கணவர், “என்னாடி, அவரு நம்மள நம்பலன்னு சொல்லி அனுப்பியிருக்காரு, நீ சிரிக்கிற?” என்றார்.

“நம்பாமலா பத்தையும் அனுப்புனாரு?” என்றார் அக்கா. “எத நம்பிக் குடுக்கலாம், எதக் குடுக்கக் கூடாதுன்னு சரியா பிரிச்சிருக்காரு. எவ்வளவு போச்சோ அவ்வளவுதான் திட்டியிருக்காரு. இந்த மாதிரி ஆளுக்குத்தான் வேல செய்யணும், மாமா.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்லருக்குள் போனார். ஒரு கணம் நின்று அறையை அளந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பாவ மாமாகிட்ட குடுத்துட்டு வா. அந்தப் பக்கம் புடி.”

மணப்பெண்கள் உட்காரும் நாற்காலியை நாங்கள் இருவரும் சேர்ந்து தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தோம்.